நாட்காட்டியில் இரண்டு நிறம்: வலிப்பும் பெண்களின் ஓமோன்களும்

“வலிப்புக் குளிசை குடித்தால் பிள்ளை தங்காது.” “கலியாணம் கட்டிவைத்தால் வலிப்புத் தானாக நின்றுவிடும்.” திருகோணமலை உப்புவெளியில் ஒரே வீட்டில், ஒரே பின்னேரத்தில் இந்த இரண்டு பேச்சையும் கேட்டேன். ஒன்றுக்கொன்று நேர் எதிரான பேச்சு. ஆனாலும் சொன்ன இருவருக்கும் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

அது என் அக்காவின் வீடு. மகளுக்குப் பதினாறு வயதில் வலிப்பு என்று கண்டுபிடித்து மருந்து தொடங்கினார்கள். வலிப்பு நின்றது. ஆனால் ஒரு வருடத்துக்குள் பிள்ளை நன்றாக உடம்பு போட்டாள். மாதவிடாய் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப் போனது. நாடியில் மெல்லிய முடி வளரத் தொடங்கியது. வந்தவர்கள் எல்லாரும் “வீட்டில் இருந்து சாப்பிட்டால் இப்படித்தான்” என்று அவள் காதுபடவே சொன்னார்கள். பயந்துபோன அக்கா யாரிடமும் கேட்காமல் குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தாள். மூன்றாம் வாரம் பிள்ளை பஸ் நிலையத்தில் விழுந்து பல் உடைந்தது.

அவள் சோம்பேறியும் இல்லை, அக்கா கவனமில்லாத தாயும் இல்லை. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் விளங்கப்படுத்தவில்லை, அவ்வளவுதான். அந்த விளக்கத்தை எனக்குத் தெரிந்த மட்டில் இங்கே எழுதுகிறேன்.

வலிப்பு: சந்தை முழுக்க ஒரே குரல்

காலையில் சந்தைக்குப் போனால் ஒரே இரைச்சல். மீன்காரர் ஒரு விலை சொல்வார், மரக்கறிக்காரர் வேறு விலை சொல்வார், இடையில் இரண்டு பேர் ஊர்க்கதை பேசுவார்கள். கேட்கக் குழப்பமாக இருந்தாலும் வியாபாரம் நடப்பது அப்படித்தான். மூளையின் நரம்புக் கலங்களும் அதுபோலத்தான் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றும் தன்பாட்டில் சிறு மின்துடிப்புகளால் பேசிக்கொண்டிருக்கும்.

திடீரென்று சந்தையில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் கத்தினால் எப்படி இருக்கும்? அந்தக் கணத்தில் வேறு எந்த வேலையும் நடக்காது. ஏராளமான நரம்புக் கலங்கள் இப்படி ஒன்றாகத் துடிப்பதுதான் வலிப்பு. வேறு உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல் அது திரும்பத் திரும்ப வரும் நிலைமை வலிப்பு நோய். நம் ஊரில் காக்கை வலிப்பு என்பார்கள். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. சரியான மருந்து கிடைத்தால் இவர்களில் 70 வீதம் வரையானோர் வலிப்பு இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கை கால் இழுத்து விழுவது மட்டும் வலிப்பு இல்லை. சிலர் அரை நிமிடம் வெறித்துப் பார்ப்பார்கள், வாயைச் சப்புவார்கள், காரணமில்லாமல் பயப்படுவார்கள். பெண்பிள்ளைகளிடம் இதைப் “பேய் பார்த்துவிட்டது” என்று தள்ளிவிடுவது இன்னும் நடக்கிறது.

மூளையில் நரம்புத் துடிப்பைக் கூட்டும் இரசாயனங்களும் உண்டு, அடக்கும் இரசாயனங்களும் உண்டு. ஓட்டோவின் அக்சிலரேற்றரும் பிரேக்கும் மாதிரி. அடக்குபவற்றில் முக்கியமானதன் பெயர் காபா. இந்தப் பிரேக்கை நினைவில் வைத்திருங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

கோயில் மணியும் மாதவிடாயும்

ஓமோன் என்பது உடம்பின் ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தில் பயணம் செய்து, வேறோர் இடத்துக்கு “இதைச் செய்” என்று சொல்லும் பொருள். பெண்ணின் மாதவிடாய்ச் சுற்று முழுக்க இப்படிப்பட்ட செய்திகளால் நடக்கிறது. முதல் செய்தி சூலகத்திலிருந்தோ கருப்பையிலிருந்தோ புறப்படுவதில்லை. மூளையிலிருந்து புறப்படுகிறது.

கோயிலை நினைத்துப் பாருங்கள். மணி அடித்தால் ஐயர் பூசையைத் தொடங்குவார். மடைப்பள்ளியில் இருப்பவருக்கும் பிரசாதத்தை எப்போது இறக்குவது என்று தெரியும். மூளையின் அடியில் பரிவகக்கீழ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஹைபோதலமஸ் என்றும் சொல்வார்கள். மணி அடிப்பது அதுதான். சுற்றின் முதல் பாதியில் ஏறத்தாழ 60 முதல் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு துளி ஓமோனை விடுகிறது. பின்பாதியில் மணி மெதுவாகும். அதைக் கேட்டு அதற்குக் கீழே தொங்கும் கபச்சுரப்பி சூலகத்துக்குச் செய்தி அனுப்புகிறது. சூலகம் ஒரு முட்டையை வளர்த்து, ஏறக்குறைய சுற்றின் நடுவில் வெளியே விடுகிறது.

முட்டை வளரும்போது சூலகம் ஈஸ்திரஜன் என்ற ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கும். முட்டை வெளியேறிய பிறகு, அது இருந்த கூடு புரோஜெஸ்தரோன் என்ற இன்னோர் ஓமோனைச் சுரக்கும். கரு தங்காவிட்டால் இரண்டும் மளமளவென்று குறையும், மாதவிடாய் வரும். முட்டை வெளிவராத மாதத்தில் கூடும் இல்லை, ஆகவே போதிய புரோஜெஸ்தரோனும் இல்லை. இரத்தம் போனால் அந்த மாதம் முட்டை வந்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். முட்டை வராமலும் இரத்தம் போகலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மணி மூளையில். மணியின் ஒழுங்குதான் முக்கியம். புரோஜெஸ்தரோன் வேண்டுமென்றால் முட்டை வெளியே வர வேண்டும்.

பக்கத்து வீட்டு ஒலிபெருக்கி

பெரியவர்களுக்கு வரும் வலிப்பு பல வேளைகளில் காதுக்கு உட்புறமாக இருக்கும் பொட்டு மடல் என்ற மூளைப் பகுதியில் தொடங்கும். அதிலிருந்து பரிவகக்கீழுக்கு நேரடி நரம்புத் தொடர்பு உண்டு. கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் திடீர் திடீரென்று ஒலிபெருக்கி அலறினால் மணி அடிப்பவருக்கு நேரம் தவறும் அல்லவா? அதேதான். மணி விரைவாகலாம், தாமதமாகலாம், சில வேளை நின்றும் போகலாம். பெரிய வலிப்புக்குப் பிறகு, பால் சுரக்க உதவும் புரோலக்ரின் என்ற ஓமோன் சிறிது நேரம் கூடிக் குறைவதை இரத்தப் பரிசோதனையிலேயே பார்க்கலாம். மூளையின் சத்தம் ஓமோன் வரைக்கும் போகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

அதனால் வலிப்பு உள்ள பெண்களிடம் சுற்று குறுகுவது, நீள்வது, முட்டை வராத மாதங்கள் கூடுவது எல்லாம் மற்றவர்களைவிட அதிகம். மருந்தே எடுக்காதவர்களிடமும் இது நடக்கலாம். எல்லாவற்றையும் குளிசையின் தலையில் போடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

அமாவாசை என்று நினைத்தது

இப்போது எதிர்ப்பக்கம். வலிப்பு ஓமோனைக் குழப்புவது போல, ஓமோனும் வலிப்பைக் கூட்டும், குறைக்கும்.

பொதுவாக ஈஸ்திரஜன் நரம்புக் கலங்களின் அக்சிலரேற்றரை அழுத்துகிறது. புரோஜெஸ்தரோன் உடைந்து உருவாகும் ஒரு பொருள், முன்னர் சொன்ன காபா என்ற பிரேக்குக்குத் துணைநிற்கிறது. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் புரோஜெஸ்தரோன் சட்டென்று விழும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்தது போல ஆகிறது. மாதவிடாய்க்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்து முதல் சில நாட்கள் வரை சிலருக்கு வலிப்பு கூடுவது இதனால்தான். வேறு சிலருக்கு முட்டை வெளிவரும் நேரத்தில் கூடும், அப்போது ஈஸ்திரஜன் உச்சத்தில் இருக்கும். முட்டை வராத மாதங்களில் சுற்றின் பின்பாதி முழுக்கக் கூடி இருப்பவர்களும் உண்டு. இப்படி மாதச் சுற்றோடு சேர்ந்து ஏறி இறங்கும் வலிப்பை மாதவிடாய்சார் வலிப்பு என்பார்கள். வலிப்பு உள்ள பெண்களில் மூன்றில் ஒருவருக்கு இது இருக்கலாம்.

ஊரில் “அமாவாசைக்கு அமாவாசை வரும்” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்ததுக்கு ஏறக்குறைய 29½ நாள். மாதவிடாய்ச் சுற்று பலருக்கு 28 நாளை ஒட்டி வரும். இரண்டும் சில மாதங்கள் கூடவே நடந்தால் வெளியில் தெரிவது நிலவுதான், உள்ளே நடப்பது தெரியாது. மாதம் ஒருமுறை வருகிறது என்று அந்தக் காலத்து ஆட்கள் கவனித்தது சரியே. காரணத்தைத்தான் வானத்தில் தேடினார்கள்.

கண்டுபிடிக்க வழி மிகச் சுலபம். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் மாதவிடாய் நாட்களைச் சிவப்பிலும் வலிப்பு வந்த நாட்களை நீலத்திலும் குறியுங்கள். குளிசை தவறிய நாள், நித்திரை முழித்த நாள் இரண்டுக்கும் ஒரு சிறு புள்ளி. திருவிழா இரவில் கண்முழித்துவிட்டு அடுத்த நாள் வலிப்பு வந்தால் அதற்கு ஓமோன் காரணமாக இருக்காது, நித்திரைக் குறைவாக இருக்கலாம். மூன்று மாதம் குறித்தால் போதும், நிறங்கள் ஒட்டி வருகின்றனவா என்று கண்ணுக்கே தெரியும். வைத்தியருக்கு அந்தத் தாள் ஒரு பரிசோதனை அறிக்கை அளவுக்குப் பயன்படும். மாதவிடாய் நாட்களுக்கு மட்டும் கூடுதல் மருந்து கொடுக்கும் முறைகளும் உண்டு. சுற்று ஒழுங்காக இருப்பவர்களுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

ஒன்றை ஒன்று சுற்றிப் பிடிக்கும் கதை இது: வலிப்பு மணியைக் குழப்பும், மணி குழம்பினால் முட்டை வராது, முட்டை வராவிட்டால் புரோஜெஸ்தரோன் குறையும், அது குறைந்தால் வலிப்பு கூடும்.

உடம்பு போடுவது சாப்பாட்டால் மட்டுமா?

சில வலிப்பு மருந்துகள் உடல் எடையைக் கூட்டும். அதில் முதலில் சொல்ல வேண்டியது சோடியம் வல்புரோயேற். கபபென்ரின், பிரிகபலின் ஆகியவையும் கூட்டலாம். டொபிரமேற், சொனிசமைட் எடையைக் குறைக்கும். லமோட்ரிஜின், லெவெற்றிரசெற்றம் இரண்டும் பெரும்பாலும் எடையில் கைவைப்பதில்லை. எல்லாம் வலிப்பு மருந்து என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உடம்பில் இவை செய்யும் வேலை வேறு வேறு.

வல்புரோயேற் பசியைக் கூட்டும். இரத்தத்தில் இன்சுலினின் அளவையும் கூட்டலாம். இன்சுலின் என்பது சீனியைக் கலங்களுக்குள் எடுத்துப்போகும் ஓமோன். எடை கூடக் கூட, கலங்கள் இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் போகும். ஒரு தடவை தட்டினால் திறந்த கதவுக்குப் பத்துத் தடவை தட்ட வேண்டிய நிலை. உடம்பு இன்னும் இன்சுலினைச் சுரக்கும். அந்த மிதமிஞ்சிய இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண் ஓமோன்களைக் கூட்டும். பெண்ணுடலிலும் ஆண் ஓமோன் சிறிதளவு இருப்பது இயல்பு. அது கூடும்போதுதான் நாடியில் முடி, முகப்பரு, முட்டை முதிராமல் நிற்பது, சூலகத்தில் சிறு நீர்க்கொப்புளங்கள் எல்லாம் வருகின்றன. ஊரில் “நீர்க்கட்டி” என்றும் வைத்தியர்கள் பிசிஓஎஸ் என்றும் சொல்வது இதைத்தான்.

1993இல் பின்லாந்து ஆய்வாளர்கள் வலிப்பு உள்ள பெண்களைப் பரிசோதித்து, வல்புரோயேற் எடுத்தவர்களிடம் இது மிகக் கூடுதலாக இருப்பதை எழுதினார்கள். 20 வயதுக்கு முன்பே அந்த மருந்தைத் தொடங்கியவர்களில் 80 வீதமானவர்களுக்குச் சூலக நீர்க்கட்டியோ ஆண் ஓமோன் மிகுதியோ இருந்தது. அது சிறிய ஆய்வு, எல்லாருக்கும் இதே கணக்கு வரும் என்று எடுக்கக் கூடாது. ஆனால் இளம் பெண்பிள்ளைகளுக்கு இந்த மருந்தைத் தொடங்குமுன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும் என்ற எண்ணம் பலப்பட்டதற்கு அது ஒரு காரணம்.

அக்காவின் மகள் குடித்ததும் இந்த மருந்துதான். பஸ் நிலையத்தில் விழுந்த பிறகு இன்னொரு வைத்தியர் மெதுமெதுவாக, பல வாரம் எடுத்து, வேறு மருந்துக்கு மாற்றினார். புதியதை ஏற்றி, பழையதை இறக்கி. எட்டு மாதத்தில் மாதவிடாய் ஒழுங்குக்கு வந்தது. எடை முழுக்க இறங்கவில்லை, ஆனால் ஏறுவது நின்றது. அக்கா பாதியாக உடைத்ததும் குறைப்புத்தான், வைத்தியர் செய்ததும் குறைப்புத்தான். ஆனால் சட்டென்று குறைத்தால், ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் வரும் வலிப்பில் கொண்டுபோய் விடலாம். அது உயிருக்கே ஆபத்து.

வல்புரோயேற் கெட்ட மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சில வகை வலிப்புக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

கல்லீரலின் சிரமதானம்

கருத்தடை பற்றிய இந்தப் பகுதியைத்தான் ஆகக் குறைவாகப் பேசுகிறார்கள்.

வளவில் இருக்கும் ஒரு குப்பைக் குவியலை அள்ள வேண்டுமென்று சிரமதானத்துக்கு ஆட்களைக் கூப்பிடுகிறீர்கள். தேவைக்கு மேல் ஆட்கள் வந்துவிட்டார்கள். குப்பையை அள்ளி முடித்த கையோடு, மூலையில் பத்திரமாக வைத்திருந்த நல்ல பலகையையும் தூக்கி எறிந்துவிட்டார்கள். கார்பமசெப்பின், பினைற்றோயின், பீனோபாபிற்றோன் போன்ற மருந்துகள் கல்லீரலுக்குள் இப்படி ஆட்களைக் கூட்டுகின்றன. அந்த ஆட்களின் பெயர் நொதியம், அதாவது பொருட்களை உடைக்கும் புரதம். அவை கருத்தடை ஓமோனையும் சேர்த்து உடைத்துவிடும்.

அதனால் இந்த மருந்துகளை எடுப்பவருக்கு மித்துரி போன்ற கருத்தடைக் குளிசையும் கையின் தோலுக்குக் கீழ் வைக்கும் குச்சியும் நம்பகமில்லை. ஒழுங்காகப் பாவித்தும் கரு தங்கிவிடலாம். அவசரக் கருத்தடைக் குளிசையின் பலமும் குறையும். கருப்பைக்குள் வைக்கும் செம்பு லூப்பில் ஓமோனே இல்லை, ஆகவே கல்லீரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் தாக்குப்பிடிக்கும்.

லமோட்ரிஜினில் கதை தலைகீழ். அது கருத்தடைக் குளிசையைப் பெரிதாகத் தொடுவதில்லை. ஆனால் குளிசையில் இருக்கும் ஈஸ்திரஜன் லமோட்ரிஜினின் அளவை ஏறக்குறைய பாதியாக்கலாம். வலிப்பு அடங்கியிருந்த பெண், குடும்பக்கட்டுப்பாடு தொடங்கியதும் திரும்ப விழுந்தால் இதையும் யோசிக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், வலிப்புக்கு ஆஸ்பத்திரிக் கிளினிக், குடும்பக்கட்டுப்பாட்டுக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோர். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம் “எனக்கு வலிப்பு இருக்கிறது” என்று சொல்லக் கூச்சப்படும் பெண்கள் பலர், மாமியார் பக்கத்தில் இருந்தால் சொல்லவே மாட்டார்கள். சொல்ல முடியாவிட்டால் கிளினிக் கொப்பியையாவது காட்டுங்கள். மருந்தின் பெயர் அதில் இருக்கும்.

“பிள்ளை தங்குமா?”

தங்கும். வலிப்பு உள்ள பெண்களில் 90 வீதத்துக்கு மேற்பட்டோர் ஆரோக்கியமான குழந்தை பெறுகிறார்கள். முட்டை வராத மாதங்கள் கூடினால் கரு தங்கக் கொஞ்சம் தாமதமாகலாம், அவ்வளவுதான். கலியாணம் வலிப்பை நிறுத்துவதும் இல்லை, மருந்து கருப்பையை மூடிவிடுவதும் இல்லை.

ஆனால் எந்த மருந்தோடு கரு தங்குகிறது என்பது பெரிய விடயம். பொதுவாகப் பிறக்கும் 100 குழந்தைகளில் 2 அல்லது 3 பேருக்கு உடலமைப்பில் பெரிய குறை இருக்கும். லமோட்ரிஜின், லெவெற்றிரசெற்றம் எடுத்த தாய்மாருக்கும் கணக்கு ஏறக்குறைய அதுவே. வல்புரோயேற் எடுத்தால் அது 10 பேர் அளவுக்கு ஏறும். அதோடு 100க்கு 30 முதல் 40 குழந்தைகளுக்குப் பேச்சு, கற்றல், நடத்தை வளர்ச்சியில் சிக்கல் வரலாம்.

முள்ளந்தண்டும் மூளையும் உருவாகும் குழாய், கரு உண்டாகி ஏறத்தாழ 28 நாளில் மூடிவிடும். அந்த நேரத்தில் பல பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போனதே அப்போதுதான் உறைத்திருக்கும். கர்ப்பம் என்று தெரிந்த பிறகு ஓடிவந்து மருந்தை மாற்றினால், அந்தக் குழாய் மூடாமல் வரும் குறையைத் தடுக்கப் பிந்திவிடும். பயத்தில் மருந்தை நிறுத்தினால் பெரிய வலிப்பு வந்து தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. ஆகவே பேச வேண்டிய நேரம் கரு தங்குவதற்குப் பல மாதங்கள் முன்பு. நம் ஊர் வழக்கில் சொன்னால், கலியாண நாள் குறிக்கும்போதே. ஃபோலிக் அசிட் குளிசையும் அப்போதிருந்தே தொடங்க வேண்டும். வலிப்பு மருந்து எடுப்பவருக்கு அதை வழக்கத்தைவிடக் கூடிய அளவில் எழுதுவதுண்டு, வைத்தியரிடம் கேளுங்கள்.

கர்ப்பகாலத்தில் உடம்பு மருந்தை வேகமாக வெளியேற்றும். லமோட்ரிஜினில் இது மிகவும் கூட. மாதம் ஏற ஏற அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், பிள்ளை பிறந்தவுடன் திரும்பக் குறைக்க வேண்டும். தாய்ப்பால் பெரும்பாலான மருந்துகளோடு கொடுக்கலாம். பச்சைக் குழந்தையோடு இரவு நித்திரை கெடுவதுதான் அந்த நாட்களில் வலிப்பைக் கூட்டும் பெரிய காரணம். ஓர் இரவுப் பாலூட்டலின்போதாவது வேறு யாராவது பிள்ளையைத் தூக்கி வந்து கொடுத்து, திரும்பப் படுக்க வைத்தால் அது பெரிய உதவி. குளிப்பாட்டும்போது தனியே விடாமல் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

மாதவிடாய் நிற்கும் வயது

அடிக்கடி வலிப்பு வரும் பெண்களுக்கு மாதவிடாய் சில வருடம் முந்தியே நின்றுவிடலாம். நிற்பதற்கு முன் ஓமோன்கள் ஏறி இறங்கும் வருடங்களில் வலிப்பு கூடலாம். முழுக்க நின்ற பிறகு, மாதச் சுற்றோடு வலிப்பு வந்தவர்களில் பலருக்கு அது குறையும். கல்லீரலில் ஆட்களைக் கூட்டும் மருந்துகள் விற்றமின் டீயையும் உடைப்பதால் எலும்பு பலவீனமாகும். இத்தனை வெயில் அடிக்கும் திருகோணமலையிலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும், முழுக்க மூடி உடுத்தும் பெண்களுக்கு அந்த விற்றமின் குறைவாக இருக்கலாம். எலும்பு முறிந்த பிறகு பார்ப்பதைவிட முந்திக் கேட்பது நல்லது.

கிளினிக்கில் கேட்க

வைத்தியருக்கு ஒருவருக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. ஆகவே கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். இந்த மருந்து என் எடையைக் கூட்டுமா? என் கருத்தடை முறையோடு ஒத்துப்போகுமா? அடுத்த வருடம் பிள்ளை வேண்டுமென்றால் இப்போதே மாற்ற வேண்டுமா? மாதவிடாய் தள்ளிப்போவதை ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாதியிடம் சொல்லலாம், அல்லது நாட்காட்டித் தாளை நீட்டலாம். கந்தசஷ்டி விரதமோ ரமழான் நோன்போ பிடிப்பவர்கள் குளிசை நேரத்தை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். தாங்களாகவே ஒரு வேளையை விடக் கூடாது.

அக்காவின் மகளுக்கு இப்போது இருபத்து மூன்று வயது. போன மாதம் பெண் பார்க்க வந்தார்கள். தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே போனவள், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, “எனக்கு வலிப்பு இருக்கு, இந்த மருந்துதான் எடுக்கிறன், அஞ்சு வருசமா விழயில்ல” என்று சொன்னாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பெடியனின் தாய் கொப்பியை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதில சிவப்புப் பேனையால எழுதினது என்ன பிள்ளை?” என்று கேட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விளங்கப்படுத்தத் தொடங்கினாள்.